முழுப்பரீட்சை முடிந்ததும் எங்கே போவது?

பெரியவளுக்கு முழுப்பரீட்சை முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அவளுக்கு ஆறு வயது, தம்பிக்கு மூன்றரை. மதுரையில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். இருவர் விடுப்பையும் சேர்த்தால் பன்னிரண்டு நாள் தேறும். அந்தப் பன்னிரண்டு நாளை எதற்குச் செலவழிப்பது என்பதுதான் ஒரு வாரமாக எங்கள் வீட்டின் இரவுப் பேச்சு. கோடைப் பயிற்சி முகாம், நீச்சல் வகுப்பு, கொடைக்கானல், உடன்குடிப் பக்கம் இருக்கும் என் அம்மா வீடு, எங்கும் போகாமல் மதுரையிலேயே இருப்பது என்று ஐந்து யோசனைகள் அடிபடுகின்றன.

அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அதற்கு முந்தைய இரண்டு, மூன்று வாரம்தான் சிறு பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகத் தோதான காலம். அப்போதும் வெயில் இருக்கிறது என்றாலும் காலையிலும் மாலையிலும் கொஞ்சம் இரக்கம் காட்டும். அதனால் எல்லா யோசனைகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன். காலை ஆறு முதல் ஒன்பதரை, மாலை நாலரை முதல் ஏழரை ஆகிய ஆறரை மணி நேரத்தில் பிள்ளைகள் கைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, எவ்வளவு பயணத்திலும் வரிசையிலும் காத்திருப்பிலும் கரைகிறது?

இந்தக் கணக்குக்குக் காரணம் உண்டு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் மொத்தம் 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. மதுரை வெயிலில் அந்த 180 நிமிடத்தை நடுப்பகலில் தேட முடியாது. பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும். விளையாட்டு மும்முரத்தில் தாகம் என்று வாய்திறந்து சொல்லவும் மாட்டார்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

முகாமைப் பற்றி

போன வருடம் மகளை ஒரு கோடைப் பயிற்சி முகாமில் சேர்த்தோம். ஓவியம், கைவேலை, நடனம், கதை எல்லாம் உண்டு என்றார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடியும். மூன்றாம் நாள் வண்ணத்தாளில் செய்த ஒரு வண்ணத்துப்பூச்சியைக் கையில் பிடித்தபடி வந்தாள். இரண்டு இறக்கைகளும் நூல் பிசகாமல் ஒரே அளவில் இருந்தன. "நீயா வெட்டினாய்?" என்று கேட்டேன். "இல்லை அம்மா, மிஸ் வெட்டிக் கொடுத்தார்கள். நான் பசை தடவினேன்" என்றாள். மறுநாள் கூப்பிடப் போனபோது அதே பூச்சிகள் இருபதுக்கு மேல் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தன. எது யாருடையது என்று பிள்ளைகளுக்கே தெரியவில்லை. வீட்டில் அவளே வெட்டும் பூச்சிக்கு ஒரு இறக்கை பெரிதாகவும் ஒன்று கிழிந்தும் இருக்கும். ஆனால் அதை வெட்டும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கவனத்துக்காகத்தான் நான் பணம் கட்டினேன்.

எல்லா முகாமும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஒரே கலையை, பத்துப் பேருக்கு மேற்படாத குழுவாக, காலை எட்டு மணிக்கு முன்பே தொடங்கி நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று நடந்து போகும் தூரத்தில் கிடைத்தால் ஆறு வயதுக்குச் சேர்க்கலாம். சேர்ப்பதற்கு முன் கழிப்பறையை நேரில் பார்ப்பது நல்லது. இந்த வயதில் கழிப்பறை பிடிக்காவிட்டால் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். மூன்றரை வயதுக்கு முகாம் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பன்னிரண்டரை மணி வெயிலில் இருசக்கர வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவரும் அந்த இருபது நிமிடமே போதும், வேண்டாம் என்று சொல்ல.

நீச்சல்

ஆறு வயதுக்கு மேல் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் தண்ணீரில் நடந்துகொள்ளும் முறையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. கண்மாயும் கிணறும் கால்வாயும் நிறைந்த நம் ஊர்களில் இதைப் பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ் வைக்கவே எனக்கு மனமில்லை. இந்த வருடம் மகளுக்கு நீச்சல் உண்டு. அதை எப்போது வைப்பது என்பது மட்டும்தான் பேச்சு.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்களில் கோடைக்காலத்தில் பன்னிரண்டு நாள் வகுப்புகளாகக் கற்றுத்தருவது வழக்கம். மதுரையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக் குளம் எங்களுக்குப் பக்கம். காலை வகுப்பில் இடம் கிடைத்தால் என் அளவுகோலில் இதுதான் முதலில் நிற்கும். பயணம் குறைவு, வெயில் ஏறுவதற்குள் வீடு, பசித்துச் சாப்பிட்டுவிட்டு மதியம் இரண்டு மணி நேரத் தூக்கம். ஒரே கட்டுப்பாடு, இடையில் விடக் கூடாது. நான்காம் நாள் மூக்கில் தண்ணீர் ஏறி அழும் பிள்ளை ஐந்தாம் நாளும் போக வேண்டும். ஊருக்குப் போவதாக நடுவில் ஒரு வாரம் விட்டால் பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சின்னவனுக்கு வகுப்பு இப்போது இல்லை. கையில் மாட்டும் காற்றுப் பட்டையை நம்பி அவனைக் குளத்தில் விடவும் மாட்டேன். அது ஒரு விளையாட்டுச் சாமான், உயிர்காப்புச் சாதனம் இல்லை. முழங்கால் ஆழத் தண்ணீரிலும் சிறு பிள்ளை சத்தமே இல்லாமல் மூழ்கிவிடும். தண்ணீர் எங்கே இருந்தாலும் அவன் என் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், என் கையில் போன் இருக்கக் கூடாது.

மலை ஏறலாமா?

கணவரின் விருப்பம் கொடைக்கானல். வெக்கையிலிருந்து இரண்டு நாளாவது தப்பிக்க வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயம்தான். மதுரையிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கும் கூடுதலான உயரம். இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். அது பெரிய வேலை இல்லை, இணையத்தில் எடுத்துவிடலாம்.

என் தயக்கம் வத்தலக்குண்டைத் தாண்டியதும் தொடங்குகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் பயணக் குமட்டல் அதிகம். எங்கள் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒருமுறை போனோம். கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று தடவை வண்டியை நிறுத்தினோம். மேலே போனதும் ஏரியைச் சுற்றி நெரிசல், படகுக்கு வரிசை, பூங்காவுக்கு வரிசை, சாப்பாட்டுக்கும் வரிசை. மூன்று நாளில் அவள் தன் இஷ்டத்துக்கு ஓடியாடிய நேரத்தைக் கூட்டினால் ஒரு மாலைப் பொழுது தேறாது. 1863-இல் வெட்டிய ஏரி, பிரையன்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக் எல்லாம் எங்களுக்கு நினைவிருக்கின்றன. அவளுக்கு நினைவிருப்பது விடுதி வாசல் படியில் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு கம்பளிப்புழு. ஒரு காலை முழுவதும் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். எங்களுக்கோ ஏரிக்குப் போக நேரமாகிவிட்டது என்ற அவசரம். இன்று நினைத்தாலும் அவளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போனது வருத்தமாக இருக்கிறது.

ஊட்டி ரயிலும் இதே மாதிரிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். மூன்றரை வயது முதல் ஒரு மணி நேரம் ஜன்னலில் இருக்கும், அடுத்த நான்கு மணி நேரம் நம் தலைமேல் இருக்கும். குன்னூரில் ஏறி ஊட்டி வரை மட்டும் போகிறவர்கள் புத்திசாலிகள். மலைப் பயணத்தைச் சின்னவனுக்கு ஐந்து, ஆறு வயதாகும் வரை தள்ளி வைப்பது என்பது என் முடிவு. குற்றாலம் என்றால் சாரல் ஜூனில்தான் தொடங்கும். அதற்குள் பள்ளி திறந்துவிடும்.

அம்மா வீடு

மதுரையிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து உடன்குடிப் பக்கம் போக வேண்டும். அரசுப் பஸ்ஸில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். விடியற்காலை பஸ் பிடித்தால் வெயில் உச்சிக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒரு பகல் பயணத்தில் போகிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு நாளிலும் அந்த ஆறரை மணி நேரம் முழுவதும் பிள்ளைகளுடையது.

இந்தப் பருவத்தில் அங்கே பதநீர் இறங்கும். பனையேறும் பெரியவர் பொழுது விடியும்போதே தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார். பாளையின் நுனியைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். மகள் போன வருடம் இதைக் கேட்டுவிட்டு, கலயத்தின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பார்த்து வெள்ளையாக ஒட்டியதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தாள். பனையோலைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஓரத்தில் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். பாதி வாய்க்குள் போகும், பாதி சட்டையில் இறங்கும். சின்னவனுக்கு முதல் நாள் அரை டம்ளருக்கு மேல் கொடுக்க மாட்டேன். வயிறு பழக வேண்டும். வெயில் ஏறிய பிறகு கொண்டுவரும் பதநீர் யாருக்குமே வேண்டாம்.

நுங்கு வண்டியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தாத்தா நுங்கு சீவித் தருவார். மூன்று கண்ணையும் கட்டை விரலால் நோண்டித் தின்று முடித்ததும் வெறுங்காய் இரண்டை எடுத்து, ஒரு குச்சியின் இரண்டு முனையிலும் செருகுவார். நுனியில் கவை உள்ள நீளமான கம்பு ஒன்றை அந்தக் குச்சியில் பொருத்தித் தள்ளினால் வண்டி ஓடும். போன வருடம் சின்னவனுக்கு இரண்டரை வயது. கம்பு அவனைவிட உயரம். கவையைக் குச்சியில் வைப்பான், தள்ளுவான், வண்டி ஓரடி போய்க் கழன்றுவிடும். திரும்ப வைப்பான். தாத்தா உதவிக்குப் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கை பரபரத்தது. "விடு அம்மா, அவனே பார்த்துக்கொள்வான்" என்றார். நாலாம் நாள் காலையில் வேப்ப மரத்திலிருந்து கிணற்றுமேடு வரை நிற்காமல் ஓட்டினான். அந்த நான்கு நாளில் ஒருமுறைகூட அவன் போனைக் கேட்கவில்லை.

மாலையில் தேரிக்காட்டுக்குப் போவோம். செக்கச் சிவந்த மணல் மேடுகள். ஏறி, உட்கார்ந்து, சறுக்கி, திரும்ப ஏறுவதே வேலை. காலையில் போனால் எட்டரைக்குள் திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் மணல் பாதத்தைச் சுடும். ஒரு நாள் மணப்பாடு கடற்கரைக்கும் போகலாம். ஆனால் பிள்ளைகளுக்குத் தேரிதான் உயிர்.

இதெல்லாம் சும்மா கிடைப்பதில்லை. அம்மாவுக்கு அறுபத்தேழு வயது, முழங்கால் வலி. "பிள்ளைகளை விட்டுவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். அவர் சொல்வது பாசம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளையும் பத்து நாள் அவர் தலையில் கட்டிவிட்டு வருவது தவறு. மூன்றரை வயதின் பின்னால் ஓட அந்த முழங்காலால் முடியாது. ஓட முடியவில்லையே என்ற பதைப்பில் அவருக்கு ராத்தூக்கமும் போய்விடும். ஆச்சி வீட்டுக்குச் சிறு பிள்ளைகளை அனுப்புகிற எல்லோரிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்களில் ஒருவர் கூடவே இருங்கள். சமையலிலும் பாதி வேலை உங்களுடையதாக இருக்கட்டும்.

எங்கும் போகாமல்

விடுப்பே கிடைக்காத வீடுகளுக்கு மட்டுமான வழி என்று இதை நினைத்திருந்தேன். பட்டியல் போட்டுப் பார்த்தபோது அப்படியில்லை என்று தெரிந்தது. மதுரைக்கு ஒரு தனிக் கொடுப்பினை இருக்கிறது, சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாளின் கூட்டத்துக்குள் மூன்றரை வயதைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தேரோட்டத்துக்கும் வேண்டாம். ஆனால் கொடியேறிய பிறகு வரும் முதல் ஐந்தாறு நாட்களின் மாலை வேறு மாதிரி. மாசி வீதிகளில் மீனாட்சியும் சொக்கரும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாகனத்தில் வருவார்கள். இரண்டாம் நாள் பூதமும் அன்னமும், மூன்றாம் நாள் கைலாச பர்வதமும் காமதேனுவும், ஐந்தாம் நாள் குதிரை. முன்னால் மீனாட்சி வேடமிட்ட குட்டிப் பெண்களும் கோலாட்டம் அடிக்கும் பிள்ளைகளும் போவார்கள். தெரிந்தவர் கடைப் படியில் ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்துகொண்டால் வீதியே நம்மைத் தேடி வரும். "இன்றைக்கு என்ன வாகனம்?" என்ற ஒரு கேள்வியிலேயே பிள்ளைகளின் பகல் முழுவதும் ஓடிவிடும். பூத வாகனத்தின் கண்ணைப் பார்த்துப் பயந்து என் தோளில் முகம் புதைத்தவன், வீட்டுக்கு வந்ததும் அதே கண்ணைத்தான் வரைந்தான்.

நடுப்பகலுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்தது. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, குளிர்சாதன வசதி உண்டு, கட்டணம் இல்லை. மதியத் தூக்கத்தை விட மறுக்கும் ஆறு வயதுக்கு வாரம் இரண்டு தடவை இது அருமையான இடம். தம்பியை வீட்டில் தூங்கவைத்துவிட்டு அவளை மட்டும் அழைத்துப் போவதுதான் சரி. அம்மாவோ அப்பாவோ தனக்கே தனக்கென்று கிடைக்கும் இரண்டு மணி நேரம் மூத்த பிள்ளைக்கு எவ்வளவு பெரியது என்பதை அவள் என் கையைப் பிடித்துக்கொள்ளும் விதத்திலேயே பார்த்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் வற்றல் போடுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குக் கூழ் கிண்டி ஆறவைத்து, வெள்ளை வேட்டியை விரித்து, ஆளுக்கொரு கரண்டி. பெரியவளுடையது வட்டமாக வரும், சின்னவனுடையது எந்த வடிவத்திலும் வரும். மாலையில் வேட்டியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்தெடுக்கும் வேலைக்குத்தான் அவர்களுக்குள் போட்டியே. பொரித்துத் தட்டில் வைத்தால் அவரவர் வற்றலை அவரவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

எங்கள் ஏற்பாடு

பள்ளி முடிந்த மறுநாளே ஊருக்குக் கிளம்புகிறோம். முதல் ஆறு நாள் நான் இருப்பேன். ஏழாம் நாள் கணவர் வந்து ஆறு நாள் இருந்து, பிள்ளைகளோடு திரும்புவார். இருவர் விடுப்பும் அதோடு தீர்ந்துவிடும். அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்குள் மதுரைக்கு வந்துவிட வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. திருவிழாத் தேதி பஞ்சாங்கத்தைப் பொறுத்து ஏப்ரல் தொடக்கத்துக்கும் மே நடுப்பகுதிக்கும் நடுவே முன்பின் நகரும். ஊர்ப் பயணத்தோடு மோதினால் மாசி வீதி மாலைகளில் இரண்டையாவது காப்பாற்றிக்கொள்ள ஊர் நாட்களில் இரண்டைக் குறைப்போம். நீச்சலை மே மாதக் காலை வகுப்புக்கு விட்டிருக்கிறோம். வேலைக்குக் கிளம்புவதற்கு முன் அது முடிந்துவிடும், அதற்கு விடுப்பு தேவையில்லை. முகாமும் மலையும் இந்த வருடம் இல்லை. கணவருக்குக் கொடைக்கானல் கைவிட்டுப் போனதில் கொஞ்சம் மனக்குறைதான். செப்டம்பர் விடுமுறையில் அவரும் மகளும் மட்டும் போய்வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன், கம்பளிப்புழுவைத் தேட.

உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு எட்டு, பத்து வயதென்றால் இந்த வரிசை அப்படியே மாறும். அப்போது மலை மேலே வரும், நல்ல முகாமும் மேலே வரும். ஊரில் ஆச்சியோ தாத்தாவோ இல்லாத வீடுகளில் நீச்சலையும் நூலகத்தையும் முன்னால் வைக்கலாம். கைக்குழந்தை இருந்தால் நீண்ட பஸ் பயணமே வேண்டாம்.

ஊரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தோட்டத்துக் கிணற்றின் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடக்கிறது. போன வருடம் வண்டியோடு அவன் ஓடிவந்து நின்ற இடத்திலிருந்து அது பத்தடி கூட இருக்காது. இரும்புக் கம்பி வலை போட்டு வாயை மூடச் சொல்லி இன்று காலை அண்ணனிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதாகச் சொன்னார். வேலை முடிந்ததும் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் பைகளைப் பரணிலிருந்து இறக்குவேன்.